கணக்கில் வராத கடை

அன்னிய தேசத்தைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அங்கே விருந்தாளியாகப் போய் வந்தவர்கள். விருந்தாளிக்கு நிறைய விஷயங்கள் தெரியும். அருவியின் உயரம் தெரியும். நூலகத்தில் எத்தனை புத்தகம் என்று தெரியும். விருந்து கொடுத்தவர் எவ்வளவு நல்லவர் என்று தெரியும். தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்த ஊர்க்காரன் சாமானைக் கையில் எடுத்து, விலை கேட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுப் போகும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்பது. அதைக் கடை வைத்தவன்தான் பார்க்கிறான். அந்த முகத்தைப் பார்த்தவன் எழுதும் புத்தகமும் பார்க்காதவன் எழுதும் புத்தகமும் ஒன்றாக இருக்க முடியாது.

அமெரிக்காவைப் பற்றி ஆங்கிலேயர்கள் எழுதிக் குவித்த புத்தகங்களில் இன்றும் உயிரோடு இருப்பவை சில. அவற்றை எழுதியவர்கள் அங்கே எதையோ விற்கப் போனவர்கள் என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. கவனிக்காததற்கு அவர்களும் ஒரு காரணம். புத்தகத்தில் எல்லாம் இருக்கும். கடை மட்டும் இருக்காது. இந்த மறைப்பு எழுத்தை என்ன செய்கிறது என்பதுதான் என் கேள்வி. எழுதியவரின் யோக்கியதையைப் பரிசோதிப்பது என் நோக்கம் இல்லை. எழுத்தின் பலமும் பலவீனமும் எந்த இடத்திலிருந்து வருகின்றன என்று பார்ப்பதே நோக்கம்.

முதலில் பிரான்ஸிஸ் ட்ராலப் அம்மாள். நாவலாசிரியர் ஆன்டனி ட்ராலப்பின் தாயார். கணவர் லண்டனில் பாரிஸ்டர். கட்சிக்காரர்களோடு சண்டை போட்டே தொழிலைக் கெடுத்துக்கொண்டவர். ஹாரோவில் குத்தகைக்கு எடுத்த பண்ணையும் நஷ்டம். 1827 நவம்பரில் அம்மாள் மூன்று குழந்தைகளையும் ஓகஸ்த் எர்வியூ என்ற பிரெஞ்சு ஓவியனையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறுகிறார். போன இடம் டென்னஸி மாகாணத்தில் நஷோபா. அடிமைகளுக்குக் கல்வி தந்து விடுதலைக்குத் தயார் செய்ய பிரான்ஸிஸ் ரைட் என்ற லட்சியப் பெண்மணி ஏற்படுத்திய குடியிருப்பு. போய்ப் பார்த்தால் காடு, சில மரக் குடிசைகள், காய்ச்சல். பத்து நாள் தாங்கவில்லை. கையில் காசு இல்லாமல், கடன் வாங்கிக்கொண்டு, 1828 பிப்ரவரியில் ஒஹையோ நதிக்கரையில் இருக்கும் சின்சினாட்டிக்கு வந்து சேர்கிறார். அப்போது ஏறக்குறைய இருபதாயிரம் பேர் வசித்த ஊர். பன்றி வெட்டி உப்புக்கண்டம் போட்டுப் பணம் பண்ணிய ஊர்.

அங்கேதான் அவர் கடை வைக்கிறார். கடை என்றால் சாதாரணக் கடை இல்லை. 1829இல் ஊரே வேடிக்கை பார்க்க எழும்பிய 'பஜார்'. கிரேக்கத் தூண்கள், மூர் பாணி வளைவுகள், எகிப்து, கோதிக் எல்லாம் கலந்த ஒரு கட்டடம். உள்ளே காப்பிக் கிளப், ஐஸ்கிரீம் அறை, நடன மண்டபம், சித்திரக் கண்காட்சி. அத்தனைக்கும் நடுவில் விற்பனைக்கூடம். விற்பதற்குக் கணவர் லண்டனிலிருந்து சரக்கு அனுப்பினார். குண்டூசி மெத்தை, மிளகுப்பொடி டப்பா, பேனாக்கத்தி ரகம் என்று மகன் ஆன்டனி தன் சுயசரிதையில் எழுதுகிறார். உப்புக்கண்ட வியாபாரியும் அவன் மனைவியும் இதற்காக டாலரை அவிழ்ப்பார்கள் என்று யாருக்குத் தோன்றியதோ. அம்மாள் காய்ச்சலில் படுத்தார். கட்டடக்காரர்களுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. சரக்கு ஜப்தியாயிற்று. 1830 மார்ச்சில் அவர் ஊரை விட்டுக் கிளம்பினார். கட்டடம் மட்டும் 'ட்ராலப்பின் பைத்தியக்காரத்தனம்' என்ற பெயரோடு, பல கை மாறி, 1881இல் இடிபடும்வரை நின்றது.

இரண்டு வருஷம் கழித்து, 1832 மார்ச்சில், லண்டனில் 'டொமஸ்டிக் மேனர்ஸ் ஆஃப் தி அமெரிக்கன்ஸ்' வெளிவந்தது. எர்வியூவின் படங்களோடு இரண்டு பாகங்கள். அம்மாளுக்கு அப்போது வயது ஐம்பத்து மூன்று. இதுதான் முதல் புத்தகம். இங்கிலாந்து வாங்கிக் கொண்டாடிற்று. அமெரிக்கா வாங்கித் திட்டிற்று. அமெரிக்கா வாங்கிய பிரதிகளில் அவருக்குச் சல்லிக்காசு சேர்ந்திருக்காது. அன்னிய நாட்டு ஆசிரியனுக்கு அமெரிக்கச் சட்டம் பதிப்புரிமை கொடுத்தது 1891இல்தான். அதுவரை எந்த அச்சாபீஸும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். பஜாரில் வாங்காமல் போன வாடிக்கைக்காரன் புத்தகத்தை வாங்கினான். பணத்தை வேறு கல்லாவில் போட்டான்.

இப்போது புத்தகத்துக்கு வருவோம். சின்சினாட்டியின் பன்றிகள் அதில் இருக்கின்றன. குப்பையை எங்கே கொட்டுவது என்று கேட்டால், தெரு நடுவில் கொட்டுங்கள், பன்றி பார்த்துக்கொள்ளும் என்று பதில் வருகிறது. எச்சில் துப்பும் ஆண்கள் இருக்கிறார்கள். பேச்சில்லாமல் அள்ளி விழுங்கிவிட்டு எழுந்து போகும் சாப்பாட்டு மேஜை இருக்கிறது. ஆண்கள் ஒரு கோடியிலும் பெண்கள் மறு கோடியிலும் உட்காரும் விருந்துகள், காட்டில் கூடாரம் அடித்து விழுந்து புரண்டு அழும் ஜபக்கூட்டங்கள் எல்லாம் இருக்கின்றன. பஜாரின் கதை இல்லை. சின்சினாட்டியில் ஒரு மகனை நிலைநிறுத்த எண்ணம் இருந்ததாக ஒரு ஜாடை காட்டிவிட்டு அம்மாள் தாண்டிப் போய்விடுகிறார். இரண்டு ஆண்டு வாழ்க்கை, கணவரின் மிச்சசொச்சம், குடும்பத்தின் மானம் எல்லாவற்றையும் விழுங்கிய ஒரு கட்டடம் அந்தத் தெருவில் நிற்கிறது. அதே தெருவின் பன்றிகளைப் பற்றி நாம் படித்துக்கொண்டிருக்கிறோம்.

மறைத்தால் என்ன? எழுத்தாளர் தம் அந்தரங்கத்தை எல்லாம் கொட்ட வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. ஆனால் மறைத்தது வேறு இடத்தில் வந்து நிற்கும். ஒரு உதாரணம் போதும். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் புத்தகத்தில் வருகிறான். பத்து வயது இருக்கும். கோழியும் முட்டையும் விற்கிறவன். விவசாயிகளின் வண்டியில் மலிவாக வாங்கித் தீனி போட்டு வளர்த்து நல்ல விலைக்குத் தள்ளிவிடுவான். கை நிறையச் சில்லறை. இந்தக் காசை அம்மாவிடம் கொடுக்கிறாயா என்று கேட்கிறார். இல்லை, அதை நானே பார்த்துக்கொள்வேன் என்கிறான். அம்மாளுக்கு அருவருப்பு. பத்து வயதில் இந்தப் பண ஆசையா, பால் குடிக்கும்போதே வியாபாரமா என்று வருத்தப்படுகிறார்.

காட்சி அற்புதமாக எழுதப்பட்டிருக்கிறது. பையன் கண்முன்னால் நிற்கிறான். ஆனால் பஜாரின் கதையைத் தெரிந்துகொண்டு அதே பக்கத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அந்த ஊரில் எது விலைபோகும், எங்கே வாங்கி எங்கே விற்க வேண்டும், லாபத்தை யார் கையில் கொடுக்கக் கூடாது என்று அறிந்திருந்த ஒரு வியாபாரி அம்மாளின் வீட்டு வாசலில் நின்றான். அவர் அவனுக்கு ஒழுக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். கோழி விற்றவன் ஜெயித்தான். குண்டூசி மெத்தை விற்றவர் தோற்றார். இந்த முரண் புத்தகத்துக்குள் இருந்திருந்தால் அந்தக் காட்சி பெரிய இலக்கியமாகியிருக்கும். அது வெளியில் இருப்பதால் நல்ல கிண்டலோடு நின்றுபோகிறது. கிண்டலுக்கும் இலக்கியத்துக்கும் உள்ள தூரம் இங்கே சரியாக ஒரு கடையின் அளவு.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. பஜாருக்கு முன்னால் அம்மாள் சின்சினாட்டி மேற்கத்திய மியூசியத்துக்கு யோசனை சொல்லிக் கொடுத்தார். தாந்தேயின் நரகத்தை மெழுகுப் பொம்மைகளாகச் செய்து இருட்டறையில் நிறுத்துவது. பொம்மை செய்தவன் ஹிராம் பவர்ஸ் என்ற உள்ளூர் இளைஞன். பின்னால் உலகப் புகழ் பெற்ற சிற்பி. திரைகளை எர்வியூ எழுதினான். நெருங்கித் தொடுகிறவர்களுக்குக் கம்பியில் மின்சாரத்தால் ஒரு உதறல். சனம் அலைமோதிற்று. பல வருஷங்கள் ஓடிய காட்சி அது. கல்லா மியூசியக்காரருடையது. அடுத்தவர் கல்லாவுக்கு யோசனை சொன்னபோது இந்த ஊர் எதைக் கேட்கிறது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. தன் கல்லா என்று வந்ததும் அந்த அறிவு போய்விட்டது. பஜாரைக் கட்டியபோது அவர் விற்க நினைத்தது நாகரிகத்தை. ஜனங்களின் ரசனையை உயர்த்திவிட்டு, அதற்குக் கட்டணமும் வசூலிக்கலாம் என்று நினைத்தார். அது கடையே இல்லை, உபதேச மடம். நரகத்துக்குக் காசு கொடுத்தவர்கள் உபதேசத்துக்குக் கொடுக்கவில்லை. வாடிக்கைக்காரனைத் திருத்த நினைத்தவரின் குரல்தான் புத்தகத்திலும் கேட்கிறது. அதனால்தான் அதன் பார்வை கூர்மையாகவும் தொனி சில இடங்களில் சகிக்க முடியாததாகவும் இருக்கிறது.

ஆங்கிலேயன் அமெரிக்காவில் பொருந்திப்போவதில் இருக்கும் விசேஷமான கஷ்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வேற்றுப் பாஷைக்காரன் போனால் முதல் நாளே தான் அன்னியன் என்று தெரிந்துகொள்கிறான். வாயை மூடிக்கொண்டு கண்ணால் பார்க்கிறான். ஆங்கிலேயனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பேசுவது புரிகிறது, சொல்வதும் புரிகிறது; ஆகவே எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறான். ட்ராலப் அம்மாள் வேலைக்காரி தேடினார். வேலை செய்ய ஆள் கிடைத்தது, வேலைக்காரி கிடைக்கவில்லை. அந்தச் சொல்லை அங்கே சொன்னால் குற்றம். 'ஹெல்ப்' என்று சொல்ல வேண்டும். உதவிக்கு வந்தவள் சமையலறையில் தனியாகச் சாப்பிடச் சொன்னதற்கு முகம் சிணுங்குகிறாள். அம்மாளுக்கு இது திமிராகப் படுகிறது. ஒரே சொற்களஞ்சியம், இரண்டு சமூகம். ஒரு சொல்லை மாற்றிக்கொண்டதன் மூலம் ஒரு பெண் தன் முதுகெலும்பை நிமிர்த்திக்கொண்டாள் என்பதைக் காண அவருக்கு மனமில்லை. காட்சியை அப்படியே எழுதி வைத்துவிட்டார் என்பதால் நாம் காண முடிகிறது. அவ்வளவு நேர்மை அந்தக் கண்ணுக்கு இருந்தது.

அதையும் சொல்லாமல் விடக் கூடாது. தோற்ற வியாபாரியின் எரிச்சல் என்று சொல்லி இந்தப் புத்தகத்தை அமெரிக்கர்கள் அப்போதே ஒதுக்கப் பார்த்தார்கள். அது விமர்சனமாகாது. சமத்துவம் பேசுகிற நாடு அடிமைகளை வைத்திருக்கிறது, பூர்வகுடிகளைச் சட்டம் போட்டு மண்ணைவிட்டு விரட்டுகிறது என்று அவர் எழுதியது எரிச்சலில் பிறந்த பொய் அல்ல. 1836இல் அடிமை முறையைச் சாடி ஒரு நாவலே எழுதினார். மார்க் ட்வைன், 'லைஃப் ஆன் தி மிஸிஸிப்பி'யிலிருந்து அச்சுக்கு முன் நீக்கப்பட்ட பக்கங்களில், இந்த அம்மாள் சொன்னது உண்மை, உண்மையைச் சொன்னதற்காகத்தான் வசை வாங்கினார் என்று வாதாடியிருக்கிறார். மகன் ஆன்டனி எதிர்ப்பக்கம்: எல்லாவற்றையும் தன் அளவுகோலால் அளந்தவர் என்பது அவர் கட்சி. இரண்டும் சரி. காசு பண்ண வந்தவன் கண்ணுக்குத்தான் ஒரு சமூகத்தில் காசு எங்கே நிற்கிறது என்று தெரியும். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு, காசைப் பற்றிய அக்கறையே இல்லாத ஒரு சீமாட்டியின் நாக்கால் பேசினார் என்பதுதான் கோளாறு.

அடுத்தது டிக்கன்ஸ். 1842இல் அமெரிக்கா போனார். அவரும் வெறும் விருந்தாளி இல்லை. அவர் புத்தகங்களை அங்கே பல அச்சாபீஸ்கள் கேட்காமல் போட்டு விற்றுக்கொண்டிருந்தன. போன இடத்தில் சர்வதேசப் பதிப்புரிமை பற்றிப் பேசினார். விருந்துக்குக் கூப்பிட்டோம், கணக்குக் கேட்கிறாரே என்று பத்திரிகைகள் பாய்ந்தன. திரும்பி வந்து அதே ஆண்டில் 'அமெரிக்கன் நோட்ஸ்' எழுதினார். பதிப்புரிமை விவகாரத்தை அதில் சேர்க்கவில்லை. சிறைகள், கால்வாய்ப் படகுகள், எச்சில் எல்லாம் இருக்கின்றன, கணக்கு இல்லை. ட்ராலப் அம்மாள் செய்த அதே காரியம். விளைவும் அதே: புத்தகத்துக்கு எங்கோ வலிக்கிறது, எங்கே என்று சொல்ல மறுக்கிறது.

ஆனால் டிக்கன்ஸ் நாவலாசிரியர். 1843 ஜனவரியிலிருந்து 1844 ஜூலைவரை மாதாமாதம் வந்த 'மார்ட்டின் சஸில்விட்'டில் அந்தக் கணக்கு வந்து சேர்கிறது; வேறு உருவத்தில். மார்ட்டின் என்ற இளைஞன் கட்டடக் கலைஞனாகப் பிழைக்க அமெரிக்கா போகிறான். கூடப்போகிறவன் மார்க் டேப்லி. 'ஈடன்' என்ற புது நகரத்தில் மனை விற்கிறார்கள். வரைபடத்தில் சர்ச், பாங்கு, மார்க்கெட் எல்லாம் இருக்கிறது. மார்ட்டின் வாங்குகிறான். முதலில் பெரும்பகுதி மார்க்குடையது. ஆனாலும் மார்ட்டின்தான் பெருந்தன்மையோடு அவனைக் கூட்டாளியாகச் 'சேர்த்துக்கொள்கிறான்'. சஸில்விட் அண்ட் கம்பெனி, கட்டடக் கலைஞர்கள், நில அளவையாளர்கள். பெயர்ப்பலகையும் தயார். போய்ப் பார்த்தால் ஈடன் ஒரு சதுப்பு நிலம். சில அழுகின குடிசைகள். காய்ச்சலில் செத்துக்கொண்டிருக்கும் சிலர். அந்தச் சேற்றில் பலகையை மாட்டுகிறார்கள்.

ஆங்கிலேயன் அமெரிக்காவில் கடை வைத்ததைப் பற்றி எழுதப்பட்டவற்றிலேயே எனக்கு மிகப் பெரியதாகப் படுவது அந்தப் பலகைதான். நில வியாபாரி ஏமாற்றினான் என்பது பாதி உண்மை. தன் திறமைக்காக ஒரு காடு காத்துக்கொண்டிருக்கிறது, தான் போய்ச் சேர்ந்ததும் அது நகரமாகிவிடும் என்று நம்பிய அகம்பாவம் மறுபாதி. டிக்கன்ஸ் இரண்டையும் ஒரே சேற்றில் நிறுத்துகிறார். காய்ச்சலில் முதலில் மார்ட்டின் விழுகிறான், மார்க் பார்த்துக்கொள்கிறான். பிறகு மார்க் விழுகிறான். அவனுக்குப் பணிவிடை செய்யும்போதுதான், இந்தக் கூட்டு வியாபாரத்தில் யார் என்ன போட்டார்கள், யார் என்ன எடுத்துக்கொண்டார்கள் என்ற கணக்கு மார்ட்டினுக்கு முதல்முறையாகத் தெரிகிறது. அமெரிக்காவைத் தோலுரிக்கும் அத்தியாயங்கள் இங்கிலாந்துக்காரனின் சுயநலத்தையும் தோலுரித்துவிடுகின்றன. 'அமெரிக்கன் நோட்ஸி'ல் கை நீட்டிக் காட்டியவர் இங்கே தன் கட்சிக்காரனையும் சேர்த்துக் கூண்டில் ஏற்றுகிறார். கடை கதைக்குள் வந்ததுமே தராசின் இரண்டு தட்டும் வந்துவிடுகின்றன.

ட்ராலப் அம்மாளும் ஒரு நாள் இந்த இடத்துக்கு வந்தார் என்பதைப் பலரும் சொல்வதில்லை. 1843இல் அவர் எழுதிய 'தி பார்னபீஸ் இன் அமெரிக்கா'வில் ஒரு ஆங்கிலேய எத்தி வருகிறாள். அமெரிக்கத் தெற்கில் அடிமை வைத்திருக்கும் சீமான்களிடம், உங்களைப் பற்றி எங்கள் நாட்டார் பொய் எழுதிவிட்டார்கள், நான் புகழ்ந்து எழுதுகிறேன் என்று சொல்லி, அவர்கள் வீட்டில் தின்று கொழுக்கிறாள். எழுதாத புத்தகத்தை வைத்தே பிழைக்கிறாள். அமெரிக்காவைப் பற்றிய புத்தகமும் ஒரு சரக்குதான், அதையும் கடை போட்டு விற்கலாம் என்பதைப் பத்து வருஷம் கழித்து அந்த அம்மாள் ஒத்துக்கொள்கிறார்; தன்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டு. கலையில் 'டொமஸ்டிக் மேனர்ஸ்' இதைவிட உயர்ந்ததுதான். சுயஞானத்தில் இது ஒரு படி மேலே.

பிற்காலத்துக்கு ஈவ்லின் வா. 1947இல் தன் நாவலைப் படமாக்கும் பேச்சுக்காக ஹாலிவுட்டுக்கு வரவழைக்கப்பட்டவர். பேரம் படியவில்லை. மறு ஆண்டு 'தி லவ்ட் ஒன்' வந்தது. டென்னிஸ் பார்லோ என்ற ஆங்கிலேயக் கவிஞன் அங்கே செல்லப் பிராணிகளின் இடுகாட்டில் வேலைக்குச் சேர்கிறான். நாய் செத்தால் போய் எடுத்து வந்து எரித்துக் கொடுக்கும் தொழில். அங்கே இருக்கும் ஆங்கிலேயர்கள் கிரிக்கெட் கிளப் வைத்துக்கொண்டு மானத்தைக் காப்பாற்றுகிறவர்கள். அவர்கள் பதறிப்போகிறார்கள். ஒருவன் தரம் தாழ்ந்தால் எல்லோருக்கும் விலை இறங்கிவிடும். ஆங்கிலேயத் தோரணைதான் அவர்கள் ஸ்டூடியோக்களுக்கு விற்கிற சரக்கு. வாவின் கொடூரமான தெளிவு இங்கே இருக்கிறது: அங்கே பொருந்திப்போகிற ஒரே ஆங்கிலேயன் வெட்கம் இல்லாதவன். கடைசியில் அந்தக் கூட்டம் பணம் கொடுத்து அவனை ஊருக்கு அனுப்புகிறது. வாவிடம் மார்ட்டினின் காய்ச்சல் இல்லை. யாரும் யாருக்கும் பணிவிடை செய்வதில்லை. அதனால் புத்தகம் கச்சிதமாகவும் குளிர்ந்தும் இருக்கிறது.

இவர்களுக்கு முன்னால் கடையை மறைக்காத ஒருவன் இருந்தான். வில்லியம் காபெட். 1796இல் பிலடெல்பியாவில் புத்தகக்கடை திறந்தான். புரட்சி முடிந்து அதிக காலம் ஆகவில்லை. ஊர் முழுவதும் பிரான்ஸ் பக்கம். காபெட் தன் கடை ஜன்னல் நிறைய ஜார்ஜ் மன்னரின் படத்தையும் பிரபுக்களின் படங்களையும் மாட்டி வைத்தான். கல் எறிந்தால் எறியட்டும் என்று கடையைத் திறந்துவைத்து, 'முள்ளம்பன்றி' என்ற புனைபெயரில் வசைபாடிக்கொண்டிருந்தான். அவதூறு வழக்கில் 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டு 1800இல் இங்கிலாந்து திரும்பினான். அவன் கட்சி எனக்குப் பிடித்ததல்ல. ஆனால் அவன் எழுத்தில் எந்த வரி எந்த வாசலில் நின்று எழுதப்பட்டது என்று வாசகனுக்குத் தெரியும். நான் கேட்பது அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காபெட் திரும்பினான். ட்ராலப் அம்மாள் திரும்பினார். மார்ட்டினும் மார்க்கும் திரும்பினார்கள். பார்லோ திரும்பினான். பொருந்திப்போவதைப் பற்றி நாம் படிக்கிற புத்தகங்கள் எல்லாம் பொருந்தாமல் திரும்பியவர்களுடையவை. தங்கிவிட்டவன் எழுதுவதில்லை, எழுதினால் விளம்பரம் எழுதுகிறான். 1817இல் இல்லினாய் புல்வெளிக்குக் குடிபோன மாரிஸ் பிர்க்பெக் மறு ஆண்டே 'லெட்டர்ஸ் ஃப்ரம் இல்லினாய்' வெளியிட்டார். மண் நல்லது, வாருங்கள் என்று. மண்ணில் அவருக்குப் பங்கு இருந்தது. புகழ்ச்சிக்கும் ஒரு கடை உண்டு. வசைக்கும் ஒரு கடை உண்டு.

இன்றைய நிலைமை இன்னும் இறுக்கம். அமெரிக்காவில் சிறு தொழில் நடத்தப் போகும் ஆங்கிலேயன் பெரும்பாலும் ஒப்பந்த முதலீட்டாளர் விசாவில், அதாவது 'ஈ-2'வில், போகிறான். விசா முறை 1952ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. பிரிட்டனுக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஒப்பந்தமோ 1815 ஜூலை 3ஆம் தேதியது. ட்ராலப் அம்மாள் கப்பல் ஏறுவதற்குப் பன்னிரண்டு வருஷம் முந்தியது. இந்தியாவுக்கு அப்படி ஒப்பந்தம் இல்லை என்பதால் நம்மவர்களுக்கு அந்த வாசலே கிடையாது. வாசல் திறந்தவனுக்கும் அது வீடாகிவிடுவதில்லை. கடை நடக்கிறவரையில்தான் அவன் அங்கே இருக்கலாம். மூடினால் கிளம்ப வேண்டும். எத்தனை வருஷம் புதுப்பித்தாலும் அந்த விசாவே நிரந்தரக் குடியுரிமையாக மாறாது. பெற்றோரோடு வந்து அந்த ஊர்ப் பள்ளியில் படித்து அந்த ஊர் உச்சரிப்பில் பேசும் பிள்ளைக்கு இருபத்தொரு வயது ஆனதும் பெற்றோரின் விசா நிழல் போய்விடுகிறது. கல்லாப்பெட்டியே குடியிருப்புப் பத்திரம்.

அவன் விற்பதும் மாறிவிட்டது. ட்ராலப் அம்மாள் அமெரிக்கர்களை ஆங்கில ரசனைக்கு உயர்த்தப் பார்த்தார். இன்றைக்கு டீ, பிஸ்கோத்து, இறைச்சி அடைத்த 'பை', ராணி படம் போட்ட பீங்கான் வைத்திருக்கும் கடைக்காரன் விற்பது ஏக்கம். தன் நாட்டார்க்கு ஊர் ஞாபகம், அமெரிக்கனுக்கு வேடிக்கை. அதற்கும் எல்லை உண்டு. ஆட்டு நுரையீரல் சேர்ந்த ஹாகிஸ் விற்க முடியாது; 1971இலிருந்து நுரையீரலை உணவாக விற்க அங்கே தடை. காட்பரி பெயருக்கு அமெரிக்க உரிமை பெற்ற ஹெர்ஷி தொடுத்த வழக்கு 2015இல் சமரசமானபோது, பிரிட்டனில் செய்த காட்பரி சாக்லேட்டை இறக்குமதி செய்வதை நிறுத்த வழக்கில் இருந்த இறக்குமதியாளர் ஒப்புக்கொண்டார். சொந்த ஊர்ச் சாக்லேட் அங்கே இன்னொருவர் சொத்து. மிஞ்சுவது கடைக்காரனின் உச்சரிப்பு. அதைத் தேயவிட்டால் வியாபாரம் போகும். தேயாமல் வைத்துக்கொண்டால் என்றைக்கும் வந்தேறி. பொருந்தாமல் இருப்பதே பிழைப்பாகிவிட்ட மனிதன் அவன். வாவின் கிரிக்கெட் கிளப்பை இப்போது சில்லறையில் விற்கிறார்கள்.

இந்த மனிதனைப் பற்றிய புத்தகத்தை நான் இன்னும் படிக்கவில்லை. அவனே எழுத முடியுமா என்பதும் சந்தேகம். கடை திறந்திருக்கும்போது வாடிக்கைக்காரனைப் பற்றி உண்மை எழுத முடியாது. மூடிய பிறகு எழுதினால் தோற்றவனின் குரல் வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. டிக்கன்ஸ் சேற்றில் மாட்டிய பலகைக்குக் கீழே. அங்கே உட்கார்ந்து, வாங்காமல் போனவன் முகத்தை எழுதும் அதே மையால், விற்கத் தெரியாமல் நின்ற தன் முகத்தையும் எழுத வேண்டும்.

1834இல் கடன்காரர்களுக்குப் பயந்து ட்ராலப் குடும்பம் பெல்ஜியத்துக்கு ஓடிற்று. அங்கே ஒரு மகனும் பிறகு கணவரும் வியாதியில் படுத்துச் செத்தார்கள். மருந்துப் புட்டியும் மைப்புட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க, இரவெல்லாம் கண்விழித்து அம்மாள் நாவல் எழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றினார் என்று ஆன்டனி எழுதியிருக்கிறார். அந்தக் கடையில் அவர் தோற்கவில்லை. சின்சினாட்டிக் கடையையும் அந்த மையில் தோய்த்திருந்தால், பத்து வயதுக் கோழிக்காரப் பையனுக்கு நியாயம் கிடைத்திருக்கும். அவருக்கும்.